மார்க் வுட்டின் இடக்கால்: வேகப்பந்து வீச்சாளரின் உடல் ஏன் அடிக்கடி பழுதாகிறது?

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் மார்க் வுட் தம்முடைய முதல் டெஸ்ட் ஆட்டத்தை 2015 மே மாதத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடினார். அவருடைய 38-ஆவது டெஸ்ட் 2025 நவம்பரில் பெர்த் நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்தது. இடைப்பட்ட பத்தரை ஆண்டுகளில் இங்கிலாந்து ஆடிய டெஸ்டுகள் ஏறத்தாழ 135. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பந்தை எறியக்கூடிய ஒருவரை, எந்த அணியும் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படும் ஒருவரை, அவருடைய நாடு தன் ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. சில நேரம் தேர்வாளர்கள் அவரை ஒதுக்கியதும் உண்டு என்றாலும், பெரும்பாலான நேரங்களில் அவரைத் தடுத்தது உடல்தான். கணுக்கால், குதிகால், விலாத் தசை, முழங்கை, இடுப்பு, தொடை, முழங்கால் என்று அந்தப் பட்டியல் உடல் முழுவதும் சுற்றி வருகிறது.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து ‘ராசியில்லாதவர்’ என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. ஆனால் வுட்டின் விஷயத்தில் அந்தச் சொல் பொருந்தாது என்பதே என் கருத்து. அவர் பந்தை எப்படி வேகமாக வீசுகிறாரோ, அதே வழியில்தான் அவருடைய உடலும் பழுதாகிறது. வேகம் பிறக்கும் இடமும் காயம் பிறக்கும் இடமும் அவரிடத்தில் ஒன்றே. அது அவருடைய இடக்கால். கிரிக்கெட்டை ஆர்வத்தோடு பார்த்தாலும் ஆட்டக்காரர்களின் உடலியல் பற்றி அதிகம் படித்திராத ஒருவருக்கு இதைப் புரியவைப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு ஏற்படும் காயங்கள் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒன்று, ஒரே கணத்தில் நேர்ந்துவிடும் விபத்து. 2002 நவம்பரில் பிரிஸ்பேன் நகரின் காபா மைதானத்தில், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் முதல் நாளன்று, இங்கிலாந்துக்காக ஆடிய வேல்ஸ் நாட்டு வேகப்பந்து வீச்சாளர் சைமன் ஜோன்ஸ் எல்லைக்கோட்டை நோக்கி ஓடிய பந்தைத் தடுக்கச் சறுக்கினார். காலணியின் ஆணிகள் புல்தரையில் சிக்கிக்கொண்டன. உடல் முன்னே போக, வலது முழங்கால் பின்னே நின்றுவிட்டது. முழங்காலைத் தாங்கும் முக்கியமான தசைநார் அறுந்து, அவர் மீண்டும் டெஸ்ட் ஆட ஓராண்டுக்கு மேல் ஆனது. அது அவர் பந்து வீசியதால் வந்த காயம் அன்று. யாருக்கு வேண்டுமானாலும் நேர்ந்திருக்கலாம். அந்த வகைக் காயத்துக்கு ‘துரதிர்ஷ்டம்’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது வகை, சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒருநாள் வெளிப்படும் தேய்வுக் காயம். அது எந்தப் பந்தில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. வேகப்பந்து வீச்சாளர்களை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதைப் புரிந்துகொள்ள, ஒரு பந்து கையை விட்டுப் போவதற்கு முன் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முன் பிரேக்

ஒரு வலக்கை வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருகிறார். கடைசியில் ஒரு தாவல். முதலில் வலக்கால், அதாவது பின்கால், தரையைத் தொடுகிறது. அடுத்து இடக்கால், அதாவது முன்கால், கிரீஸ் கோட்டருகே ஊன்றுகிறது. பந்து கையை விட்டுப் பறக்கிறது. முன்கால் ஊன்றியதிலிருந்து பந்து கைவிட்டுப் போகும் வரை ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. தொலைக்காட்சியில் மெதுவாக ஓட்டிக் காட்டும்போதுதான் நம் கண்ணுக்கே அது பிடிபடுகிறது.

வேகம் முழங்கையிலிருந்தோ தோளிலிருந்தோ வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தோளுக்குப் பங்கு உண்டு. ஆனால் மூலதனம் ஓட்டத்தில் இருக்கிறது. ஓடி வந்த வேகத்தைப் பந்துக்கு மாற்றிக் கொடுக்க ஒரு தடை வேண்டும். வேகமாகப் போகும் சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் என்ன ஆகும் என்பது சிறுவயதில் முட்டி சிராய்த்துக்கொண்ட எவருக்கும் தெரியும். முன்சக்கரம் நிற்கும், பின்சக்கரம் தூக்கும், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகப் பறப்பார். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால்தான் அந்த முன் பிரேக். கால் மடங்காமல் விறைப்பாக நின்றால், கீழ் உடல் சட்டென்று நின்று, இடுப்புக்கு மேலே உள்ள பகுதி அந்த வேகத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு முன்னே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் கடைசி நுனியில் கை இருக்கிறது. கையின் நுனியில் பந்து இருக்கிறது. முழங்கால் மடங்கினால் அந்த வேகத்தில் ஒரு பகுதி காலிலேயே கரைந்துவிடும். பந்து மெதுவாகப் போகும், உடலுக்கு நோவும் குறையும்.

இந்தப் பிரேக்கின் விலை என்ன? முன்கால் ஊன்றும் நொடியில் தரை அந்தக் காலைத் திருப்பித் தள்ளும் விசை, வீசுபவரின் எடையைப் போல் ஐந்து மடங்கையும் தாண்டுவதாக ஆய்வக அளவீடுகள் காட்டுகின்றன. 80 கிலோ எடையுள்ள ஒருவர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பந்துக்கும் 400 கிலோவுக்கும் மேற்பட்ட பாரம் ஒற்றைக் காலில், ஒரு கண் இமைக்கும் பொழுதைவிடக் குறைவான நேரத்தில் இறங்குகிறது. ஒரு டெஸ்ட் நாளில் அவர் 20 ஓவர் வீசினால், இது 120 முறை. விறைத்த கால் அந்த அதிர்ச்சியைத் தணித்துக்கொள்வதில்லை. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முதுகின் அடிப்பகுதிக்கும் அதை ஏற்றி அனுப்புகிறது. அதே நேரத்தில் முதுகு சும்மா இருப்பதில்லை. பின்னால் வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, முறுக்கி, மீண்டும் விடுபடுகிறது. வலக்கை வீச்சாளருக்கு இந்தச் சாய்வும் முறுக்கும் கீழ்முதுகின் இடப்பக்க எலும்பைத்தான் அதிகம் நசுக்குகின்றன. இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகெலும்பில் வரும் விரிசல்கள் பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

தோண்டிப் போட்ட சாலை

எலும்பு உயிருள்ள பொருள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் முறிந்துபோகும். அதற்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது. எலும்புக்குத் தெரியும். மீண்டும் மீண்டும் பாரம் விழும் இடத்தில் மிக நுண்ணிய சேதம் ஏற்பட்டவுடன், உடல் அந்த இடத்தைப் புதுப்பிக்கத் தொடங்குகிறது. பழுதான பகுதியை ஒருவகை உயிரணுக்கள் அரித்து எடுக்கின்றன. வேறொரு வகை உயிரணுக்கள் அங்கே புதிய எலும்பைக் கட்டுகின்றன. முறையாக நடந்தால் அந்த இடம் முன்பைவிட வலுவாகிவிடும். உடற்பயிற்சி எலும்பை வலுப்படுத்துவதன் இரகசியமும் இதுதான்.

சிக்கல், இந்த இரண்டு வேலைகளும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதில் இருக்கிறது. அரித்து எடுப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். நம் ஊர்களில் சாலை போடும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முதலில் பழைய தார்ச்சாலையைத் தோண்டிப் போட்டுவிடுவார்கள். புதிய தார் வந்து சேர நாளாகும். அந்த இடைவெளியில்தான் சாலை மிக மோசமாக இருக்கும், வண்டிகளும் அப்போதுதான் அச்சு முறிந்து நிற்கும். எலும்பும் அப்படித்தான். தோண்டிப் போட்ட நிலையில் இருக்கும் எலும்பின் மீது, வீச்சாளர் வழக்கம்போல ஓவர் ஓவராக வீசிக்கொண்டிருந்தால், நுண்ணிய சேதம் விரிசலாக வளர்கிறது. இதைத்தான் ஆங்கில மருத்துவர்கள் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறார்கள்; தமிழில் அழுத்த முறிவு என்று சொல்லலாம். விரிசல் விழுவதற்கு முந்தைய கட்டத்தையும், எலும்பு அழுத்தத்துக்கு ஆளாகி வீங்கியிருக்கும் நிலையையும், இப்போது எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஒருவர் ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பந்து வீசினால், அதன் விளைவு அந்த வாரத்திலேயே தெரிய வேண்டியதில்லை. மூன்று நான்கு வாரம் கழித்து, எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நேரத்தில் தெரியலாம். அதனால்தான் அணி நிர்வாகங்கள் ஒவ்வொரு வீச்சாளரும் வலைப்பயிற்சியில் வீசும் பந்துகளைக்கூட எண்ணுகின்றன. வலியே இல்லாத ஒருவரை ஓய்வெடுக்கச் சொல்லும்போது ரசிகர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்த ஓய்வு இன்றைய வலிக்காகக் கொடுக்கப்படுவதன்று.

எலும்பு முழுமையாக முதிராத வயதில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். முதுகெலும்பில் இந்த விரிசல்கள் விழும் பகுதி இருபது வயதைத் தாண்டியும் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும் என்பதால், இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் சிறுவர்கள் ஒரே மூச்சிலும் ஒரே நாளிலும் எத்தனை ஓவர் வீசலாம் என்பதற்கு வயதுவாரியாக வரம்பு விதித்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் வேகமாக வீசும் ஒரே பையனிடம் ஆட்டம் முடியும் வரை பந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதை நினைத்தால் எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருக்கிறது.

ஆஷிங்டன் ஊரிலிருந்து

வுட் 1990 ஜனவரியில், இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்தம்பர்லாந்து பகுதியைச் சேர்ந்த ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். 1966 உலகக்கோப்பையை வென்ற கால்பந்து வீரர்களான சார்ல்டன் சகோதரர்கள் பிறந்த ஊர் அது. கிரிக்கெட்டைப் பொறுத்தவரை அதைவிடப் பொருத்தமான பெயர் ஸ்டீவ் ஹார்மிசன். 2005 ஆஷஸ் வெற்றியில் பங்கெடுத்த அந்த வேகப்பந்து வீச்சாளரும் ஆஷிங்டன்காரரே. இருவரும் ஆடியது டர்ஹம் அணிக்கு. ஒப்பீடு அதோடு நின்றுவிடுகிறது. ஹார்மிசன் ஆறடி நான்கு அங்குல உயரம், நீண்ட கைகால்கள், உயரத்திலிருந்து பந்தை இறக்கியே மட்டையாளர்களைத் திணறடிக்க முடிந்தது. அவர் 60-க்கும் மேற்பட்ட டெஸ்டுகளில் 220-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார்.

வுட்டோ ஆறடிக்கும் சற்றுக் குறைந்தவர், ஒல்லியான உடல்வாகு. உயரம் தரும் அனுகூலம் இல்லாதவர் அதை வேறெங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். வுட் அதை ஈடுகட்டியது முன்காலை விறைப்பாக ஊன்றும் வலுவாலும், உடல் முழுவதையும் பந்தின் பின்னால் எறிந்துவிடும் மூர்க்கத்தாலும். தொடக்க ஆண்டுகளில் அவர் ஓடிவரும் தூரமும் மிகக் குறைவு. சில எட்டுகள் வைத்து, கடைசி இரண்டு மூன்று அடிகளில் வெடித்துப் பாய்ந்து, பந்தை விட்ட பிறகு நிலை தடுமாறித் தரையில் விழுந்து எழுவார். பார்ப்பதற்கு அது வேடிக்கையாகவும் உற்சாகமாகவும் இருக்கும். ஓட்டத்தில் சேராத வேகத்தை ஒரே உதையில் வரவழைக்கும்போது அந்த உதையின் முழுப் பாரமும் எங்கே இறங்குகிறது என்று கேட்டால்தான் அதில் உள்ள விபரீதம் புரியும்.

2015 கோடையிலேயே முதல் அறிகுறி தெரிந்துவிட்டது. அறிமுகமான சில வாரங்களில் ஆஷஸ் தொடர் வந்தது. இடது கணுக்காலின் தொல்லையால் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் அவர் ஆடவில்லை. காயம்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்குப் பதிலாக ட்ரெண்ட் பிரிட்ஜ் டெஸ்டுக்குத் திரும்பி, நேதன் லயனின் ஸ்டம்பைப் பறக்கவிட்டு ஆஷஸை இங்கிலாந்துக்கு மீட்டுத் தந்த கடைசி விக்கெட்டை எடுத்தார். அந்த அக்டோபரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டு டெஸ்டுகள். அதன் பிறகு, ஏறத்தாழ ஓராண்டு இடைவெளிக்குள் அதே கணுக்காலில் மூன்று அறுவை சிகிச்சைகள். திரும்பி வந்து 2017-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆடிய இரண்டு டெஸ்டுகளில் ஒரே ஒரு விக்கெட். பிறகு குதிகால் நோவு. தரையில் பலமாக ஊன்ற முடியாத காலுடன் ஒருவர் பழைய வேகத்தை எதிர்பார்ப்பது, தேய்ந்துபோன பிரேக் கட்டையை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

சென்னை ரசிகர்களுக்கு வுட் நினைவில் இருந்தால் அது இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்த வுட்தான். 2018-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அவரை வாங்கியது. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் அணி திரும்பி வந்த முதல் ஆட்டம், ஏப்ரல் 7 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் மும்பை இந்தியன்ஸ் அணிக்கு எதிராக. டுவைன் பிராவோ தனியாளாக நின்று வெற்றி தேடித் தந்த அந்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆட்டத்தில் வுட் நான்கு ஓவர்களில் விக்கெட் ஏதுமின்றி 49 ரன் கொடுத்தார் என்பதும், மஞ்சள் சட்டையில் அவர் ஆடிய ஒரே ஆட்டம் அதுதான் என்பதும் பலருக்கு மறந்துபோயிருக்கும். டெஸ்ட் அணியில் இடம் பிடிக்கும் நோக்கத்துடன் தொடர் முடிவதற்கு முன்பே அவர் ஊர் திரும்பிவிட்டார்.

ஓட்டத்தை நீட்டியது

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. ஒவ்வொரு முறையும் உடலைச் சரிசெய்துகொண்டு அதே பழைய முறையில் வீசத் திரும்பிய வுட், ஒரு கட்டத்தில் தம் முறையில் ஒன்றை மாற்றினார்: ஓடிவரும் தூரத்தை நீட்டினார். முதற்பார்வைக்கு இது முரணாகத் தோன்றும். ஏற்கெனவே நொந்த காலை வைத்துக்கொண்டு இன்னும் அதிக தூரம் ஓடுவதா? சைக்கிளுக்கே திரும்பிப் போவோம். நின்ற இடத்திலிருந்து மூன்றே மிதியில் முழு வேகம் எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று முழு உடலையும் போட்டு அழுத்த வேண்டும். பத்து மிதியில் அதே வேகத்தை எடுப்பதாக இருந்தால் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். நீண்ட ஓட்டம் வேகத்தைப் படிப்படியாகச் சேர்த்துத் தருகிறது; கடைசி நொடியில் உடலை உலுக்கி வேகத்தைக் கறக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது; தாவலும் ஊன்றலும் ஒழுங்காகின்றன. முன்காலில் இறங்கும் பாரம் மறைந்துவிடுவதில்லை. ஆனால் கோணல்மாணலாக இறங்காமல் நேராக இறங்குகிறது.

2019 பிப்ரவரியில் அதற்குப் பலன் கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அணியில் முதலில் வுட்டின் பெயர் இல்லை. ஆலி ஸ்டோன் என்ற இன்னொரு வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகு எலும்பு அழுத்தத்துக்கு ஆளாகி அவர் விலகியதால்தான் வுட் அழைக்கப்பட்டார். ஒருவரின் தோண்டிப் போட்ட சாலை இன்னொருவருக்கு வழிவிட்டது என்று சொல்லலாம். செயின்ட் லூசியா டெஸ்டில் மணிக்கு 145 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தைத் தொடர்ந்து தக்கவைத்து, 41 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். டெஸ்டில் அது அவருடைய முதல் ஐந்து விக்கெட்.

அந்தக் கோடையில் உலகக்கோப்பை. வுட் 18 விக்கெட் எடுத்தார். ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த இறுதிப் போட்டியில் பந்து வீசும்போதே விலாப்புறத் தசை கிழிந்தது. வேகப்பந்து வீச்சாளர்களுக்கே உரிய காயங்களில் இதுவும் ஒன்று. வீசாத கையை மேலே உயர்த்தி நீட்டிப் பின் கீழே இழுக்கும்போது, அந்தப் பக்கத்து விலாவை ஒட்டிய தசை முதலில் முழுமையாக நீண்டு, உடனே சுருங்க வேண்டியிருக்கிறது. எல்லை மீறினால் விலாவோடு ஒட்டிய இடத்தில் பிய்ந்துவிடும். அந்த நிலையில்தான் அவர் மட்டையேந்தவும் வந்தார். ஐம்பதாவது ஓவரின் கடைசிப் பந்தில், ஸ்டோக்ஸ் அடித்ததற்கு இரண்டாவது ரன்னுக்காக ஓடி ரன் அவுட் ஆனவர் வுட். ஆட்டம் சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனது அந்த ரன் அவுட்டால்தான். உலகக்கோப்பை வந்தது, அதைத் தொடர்ந்த ஆஷஸ் தொடர் முழுவதும் வுட் இல்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளில் உச்சமும் பள்ளமும் மாறி மாறி வந்தன. 2020 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் 9 விக்கெட். 2021-22 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்து நான்குக்குச் சுழியம் என்று தோற்றபோதும் நான்கு டெஸ்டுகளில் 17 விக்கெட். ஹோபார்ட்டில் 37 ரன்னுக்கு 6. அந்த வேலைக்கான விலை இரண்டே மாதத்தில் வந்து நின்றது. 2022 மார்ச்சில் ஆன்டிகுவா டெஸ்டின் நடுவில் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். முதலில் ஒரு அறுவை சிகிச்சை, போதாமல் ஜூலையில் இன்னொன்று. அந்த ஆண்டு ஐபிஎல் தொடருக்கு லக்னோ அணி ஏழரைக் கோடி ரூபாய்க்கு அவரை வாங்கியிருந்தும் ஒரு பந்துகூட வீச முடியவில்லை.

இடக்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே, வலது முழங்கை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். முன் பிரேக் சேமித்துக் கொடுத்த வேகம் உடல் வழியாகச் சாட்டையைப் போல மேலேறி, கடைசியாகக் கையில் போய் முடிகிறது. சாட்டையின் நுனிதான் மிக வேகமாகச் சொடுக்கப்படும். பந்து கையை விட்டபின் கை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போது முழங்கை எல்லைக்கு அப்பால் நீண்டு, மூட்டின் பின்புறத்தில் எலும்போடு எலும்பு மோதுகிறது. ஆயிரக்கணக்கான முறை மோதினால் அங்கே அழுத்தமும் நுண்முறிவும் சேர்கின்றன. பார்படாஸில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடும் ஜோஃப்ரா ஆர்ச்சரின் கதையும் இங்கேதான் தொடங்கியது. 2021-இல் வலது முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சைகள், 2022-இல் கீழ்முதுகில் அழுத்த முறிவு என்று போய், நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக டெஸ்ட் ஆடாமல் இருந்து, 2025 ஜூலையில் லார்ட்ஸில் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பினார். முதல் ஓவரிலேயே யஷஸ்வி ஜெய்ஸ்வாலின் விக்கெட் விழுந்தது.

எல்லா வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் இதே கதிதானா என்றால், இல்லை. ஜேம்ஸ் ஆண்டர்சன் 188 டெஸ்டுகள் ஆடி 704 விக்கெட் எடுத்து, நாற்பத்தொரு வயதில்தான் விடைபெற்றார். ஆனால் அவருக்கும் 2006-இல் முதுகில் அழுத்த முறிவு வந்தது. அவருடைய வீச்சு முறையைத் திருத்துவதாகச் சொல்லிப் பயிற்சியாளர்கள் மாற்றியமைத்த பிறகு வந்த முறிவு அது. தேறியபின் அவர் தமக்கு இயல்பாக வந்த முறைக்கே திரும்பினார். அதோடு, ஆண்டர்சன் விக்கெட் எடுத்தது பந்தைக் காற்றில் வளைக்கும் ஸ்விங்கால். வுட்டின் வேகத்தில் வீச வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. வுட்டிடம் போய் வேகத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்வது அவரிடமிருக்கும் ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

எண்ணிக் கொடுத்த பந்துகள்

2022 இறுதியிலிருந்து இங்கிலாந்து அவரை வைத்துக்கொண்ட விதம் மாறியது. டி20 உலகக்கோப்பையில் நான்கு ஆட்டங்களில் 9 விக்கெட் எடுத்த அவர், இடுப்பு நோவினால் அரையிறுதியிலும் இறுதியிலும் ஆடவில்லை. இங்கிலாந்து கோப்பையை வென்றது. 2023 ஆஷஸ் தொடரில் முதல் இரண்டு டெஸ்டுகளுக்கு அவரை இறக்கவில்லை. இரண்டையும் இங்கிலாந்து தோற்றது. மூன்றாவது டெஸ்டுக்கு ஹெடிங்லி மைதானத்தில் இறங்கியவர், மணிக்கு 155 கிலோமீட்டரை எட்டிய முதல் கட்ட வீச்சில் உஸ்மான் கவாஜாவின் ஸ்டம்பைச் சிதறடித்து, அந்த இன்னிங்ஸில் 34 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். மூன்று டெஸ்டுகளில் 14 விக்கெட். தொடர் சமனில் முடிந்தது. ஐந்து டெஸ்டும் ஆடியிருந்தால் ஆஷஸ் கிடைத்திருக்குமே என்று அப்போது பலர் புலம்பினார்கள். ஐந்து டெஸ்டும் ஆடியிருந்தால் ஹெடிங்லியில் நாம் கண்ட அந்த வுட் இருந்திருப்பாரா என்பதுதான் என் சந்தேகம்.

ஆனால் ஓய்வு என்பதும் முழு மருந்தன்று. எலும்பும் தசையும் பாரத்தைச் சுமந்து பழகித்தான் வலுவாகின்றன. நீண்ட ஓய்வில் அந்தப் பழக்கம் கரைந்துபோகிறது. திரும்பி வந்த முதல் வாரத்தில் பழைய அளவுக்கு வீசினால், உடலுக்கு அது திடீர்ச் சுமை. அதிகம் வீசினாலும் ஆபத்து, வீசாமலே இருந்துவிட்டு வந்தாலும் ஆபத்து. காயத்தால் விலகுகிறவர் காயத்தாலேயே அடுத்த காயத்துக்கு அருகில் போகிற இந்தச் சுழல்தான் வுட்டைப் போன்றவர்களை வாட்டுகிறது.

2024 ஜூலையில் ட்ரெண்ட் பிரிட்ஜில் மணிக்கு 156 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அடுத்த எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் 40 ரன்னுக்கு 5 விக்கெட். ஆகஸ்டில் இலங்கைக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்டில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதைக் கவனிக்கும் போக்கில் வலது முழங்கையை ஸ்கேன் செய்து பார்த்தபோது எலும்பு அழுத்தம் தெரிந்தது; அந்த ஆண்டு முடியும் வரை ஆட்டமில்லை. 2025 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு எதிரான டி20 ஆட்டத்தில் வீசினார். பிப்ரவரியில் லாகூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டத்தில் இடது முழங்காலின் தசைநார் பழுதாகி, மார்ச்சில் அறுவை சிகிச்சை. கணுக்காலில் தொடங்கிய கணக்கு பத்து ஆண்டுகளில் அதே காலின் முழங்காலுக்கு ஏறியிருந்தது.

மீண்டும் ஆஷஸ் வந்தது. அதற்கு முன் அவருக்குக் கிடைத்த ஆட்டப் பயிற்சி மிகச் சொற்பம். பெர்த்தில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் எட்டு ஓவர் வீசியதும் தொடையின் பின்தசை இறுகுவதாகச் சொல்லி வெளியேறினார். ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்ததால் முதல் டெஸ்டுக்குச் சேர்க்கப்பட்டார். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு அவர் ஆடிய முதல் டெஸ்ட் அது. இரண்டே நாளில் முடிந்த அந்த ஆட்டத்தில் அவருக்கு விக்கெட் எதுவும் விழவில்லை. சில நாட்களில் இடது முழங்கால் மீண்டும் தொல்லை கொடுக்க, டிசம்பரில் எஞ்சிய தொடரிலிருந்து விலகி ஊர் திரும்பினார். பெர்த்தில் அவர் வீசியது 11 ஓவர். கணக்குப் பார்த்தால், அந்த இடக்கால் 66 முறை தரையில் ஊன்றியிருந்தது.